மிதவைத் திருடன்

"இன்னொரு மிதவையையும் காணோம், க்ளெனிஸ்!" என்று கொட்டகையிலிருந்து கத்திக்கொண்டே வந்தார் மெர்வின்.

பழைய கயாக் படகின் இரு பக்கமும் மிதவை கட்டி, நடுவில் பாய்மரம் நட்டுக் கடலுக்குப் போயே தீருவேன் என்று, ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒற்றைக்காலில் நிற்கிறார் மனிதர். ஹோபார்ட் நகரில் பழைய சாமான் கழிக்கும் வாரம் வந்தால் போதும், ஜனங்கள் வாசலில் தூக்கிப் போடுவதையெல்லாம் தெருத் தெருவாகப் பொறுக்கி வந்துவிடுவார். அப்படிச் சேர்த்தவைதான் ஒவ்வொன்றாக மாயமாகின்றன.

"பக்கத்து வீட்டு டெரெக்தான் எடுக்கிறான். அவன் முழியே சரியில்ல."

"எனக்கும் அவன்மேலதான் சந்தேகம்," என்றாள் மனைவி. "போனாப் போகுது, விடு. அறுபத்தெட்டு வயசுல நீ கடலுக்குப் போகலைன்னு இங்க யாரு அழுதா?"

மெர்வின் விடவில்லை. அன்று சாயங்காலமே, இரண்டு தெரு தள்ளி ஒரு வேலியோரம் அவருடைய மிதவை கிடந்தது. மேலே ஓர் அட்டை: "இலவசம். தயவுசெஞ்சு யாராவது எடுத்துக்கிட்டுப் போங்க!!"

"க்ளெனிஸ்! டெரெக் கையெழுத்தோட மாட்டிக்கிட்டான்!" என்று அட்டையும் கையுமாக வீட்டுக்குள் ஓடிவந்தார். அவளைக் காணோம். மூச்சிரைக்க, தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜ் பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

கதவில் அவள் எழுதி ஒட்டியிருந்த சீட்டு. அதே சாய்ந்த எழுத்து, அதே இரட்டை ஆச்சரியக்குறி.

"பால். ரொட்டி. முட்டை. வியாழன்: பாய்மரம்!!"