அழித்தும் போகாத பெயர்

காலையிலிருந்து கம்ப்யூட்டர் ஏழு முறை தானாக அணைந்து, தானாக எழுந்துவிட்டது. லேபிலிருந்து வந்த மெயிலை அவள் திறக்கப் போகும்போதெல்லாம் திரை கறுத்தது. கல்யாணமாகி ஒன்பது வருடம். அந்த மெயிலில் இருந்தது கர்ப்பப் பரிசோதனையின் முடிவு. போனில் பார்க்க அவள் சம்மதிக்கவில்லை. பெரிய திரையில், கணவனோடு சேர்ந்துதான் பார்ப்பாளாம்.

கம்ப்யூட்டர் மெக்கானிக்கான அவள் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான். பவர் சப்ளையை மாற்றினான். ஃபேன் தூசியை ஊதிவிட்டுத் தும்மினான். எட்டாவது முறையும் அணைந்தது.

"உன்னை மாதிரியே பிடிவாதம்டீ!"

மறுபடி எழுந்தபோதுதான் கவனித்தான். கம்ப்யூட்டரின் லாகின் திரையில் தங்கையின் பெயர், அவள் கணவன் பெயர், அதற்குக் கீழே 'குட்டி'.

"இது யாரு மாப்ளே?"

"நீங்கதான் டெஸ்ட் பண்ணப் போட்டிருப்பீங்க மச்சான்."

ரிப்பேர் பார்க்கும் வீடுகளில் அப்படி ஒரு பெயரைப் போட்டுப் பார்ப்பது அவன் வழக்கம்தான். போன தடவை அழிக்க மறந்துவிட்டோம் போல என்று அழித்தான். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. 'குட்டி' அங்கேயே இருந்தது. இன்னொரு முறை அழித்தான். அப்போதும் இருந்தது.

"பாவம், இருந்துட்டுப் போகட்டும் விடுண்ணே," என்றாள் அவள்.

அதன்பின் திரை கறுக்கவில்லை. மெயில் திறந்தது. பாசிட்டிவ்!

கணவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தான். அண்ணன் ஸ்க்ரூ டிரைவரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஆடினான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்தக் கூத்துக்கு நடுவே, யாரும் தொடாமலேயே, கம்ப்யூட்டர் இன்னொரு முறை அணைந்து எழுந்தது. திரையில் இப்போது நான்கு பெயர்கள். 'குட்டி'க்குக் கீழே புதிதாக ஒன்று:

'நானும்தான்'.