மூன்று சிவப்புக் கார்கள்

"அப்பா, ஒரு கார் எடுக்கக் கால் மணி நேரமா? பொண்ணு பார்க்கப் போனப்பகூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டீங்க."

"அப்ப யாரு யோசிக்க விட்டாங்க?" என்றார் அவர் மகளிடம், டிவியில் ஓடிய வீடியோ கேமிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரையில் ஒரே ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் மூன்று விதமாக நின்றது. சாதா, டர்போ, ரேஸ். மூன்றும் சிவப்பு. கண்ணாடி போன்ற தரையில், தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தன.

"மணி நாலரை," உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அஞ்சு மணிக்குக் கடலோர ரோடுன்னு சொன்னது ஞாபகம் இருக்கா? இருபத்தஞ்சு வருஷத்துல நான் வாயைத் திறந்து கேட்டது அது ஒண்ணுதான்."

இன்று அவர்களுக்குக் கல்யாண நாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். இருவரும் வெளியே கிளம்பினாலே ஊரில் யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொள்வார்கள். போன வருஷம் சினிமாவில் இடைவேளையோடு எழுந்து வந்தார்கள். அதற்கு முந்தின வருஷம் ஹோட்டலில் தண்ணீர் மட்டும் குடித்தார்கள்.

"ஒரே ரேஸ்," என்றாள் மகள். "நீங்க ஜெயிச்சா போன் வீட்டுல என்கிட்ட. எவன் கூப்பிட்டாலும் வேற மெக்கானிக்கைக் கூப்பிடுன்னு சொல்லிடுவேன். தோத்தா, வழக்கம்போல போனும் உங்க ரெண்டு பேர்கூட ஊர் சுத்த வரும்."

மனைவி தலை வாரியபடியே வாசல்வரை வந்தாள். "நல்ல பந்தயம். இன்னைக்காவது ஜெயிச்சுத் தொலைங்க." கார் சாவியை மேஜையில் வைத்தாள். "உங்க பெட்டியை வண்டியில வெச்சுட்டேன்."

"ரேஸ் மாடலை எடுங்கப்பா," மகள் முழங்கையால் இடித்தாள். "நூறு கிலோ கம்மி. மத்த ரெண்டும் அது பக்கத்துலயே வர முடியாது."

அவர் ஒரு பொத்தானை அழுத்தி அந்தக் காருக்குள் பார்த்தார். ஓட்டுகிறவனுக்கு ஒரு சீட். பக்கத்தில் வெறும் தகரம், இரண்டு இரும்புக் குழாய்.

"பக்கத்து சீட் எங்கேம்மா?"

"கழட்டிட்டாங்க. ரேஸுக்கு எதுக்கு இன்னொரு ஆளு? பாரம்தானே."

அந்தச் சொல் அவருக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது.

டர்போவில் சீட் இருந்தது. பலகை மாதிரி. மனைவியின் முதுகு பத்து நிமிஷம் தாங்காது. சாதாவுக்குள் போனார். மெத்தென்று வெள்ளை சீட், சாய்ந்துகொள்ள இடம், பெரிய ஜன்னல். மாலை வெயில் அந்த சீட்டில் யாருக்காகவோ இடம் பிடித்து வைத்ததுபோல விழுந்திருந்தது.

ஜெயித்தால்தான் அவளுக்கு இன்றைய சாயங்காலம். ஆனால் அவளை உட்கார வைக்க இடமில்லாத காரில் ஜெயித்து என்ன செய்ய?

சாதாவையே எடுத்தார்.

"போச்சு!" என்று தலையில் கை வைத்தாள் மகள்.

ரேஸ் தொடங்கியது. மகளின் கார் ஒரு சத்தமாகி, பிறகு புள்ளியாகி மறைந்தது. அவருக்கு இடப்பக்கம் கடல். அலை சத்தமில்லாமல் வந்து வந்து போனது. அவர் மனசுக்குள், ஜன்னலை இறக்கிவிட்டு மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், முடி பறந்து அவர் தோளில் பட்டது. கொஞ்ச நேரத்தில் கண் அயர்ந்தாள். தலை கதவில் இடிக்கக் கூடாதே என்று வளைவுகளில் வேகத்தைக் குறைத்தார். "எங்க வந்திருக்கோம்?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள். தெரியவில்லையே என்று சொல்ல அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"அப்பா! நான் ஜெயிச்சு, எழுந்து போய்த் தண்ணி குடிச்சிட்டே வந்துட்டேன். நீங்க இன்னும் படகு எண்ணிட்டிருக்கீங்க."

மனைவி ரேஸைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருந்தாள். "அப்ப போன் வருது." சீப்பை மேஜையில் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். "வேகமான கார் ஒண்ணு இருந்துச்சே, அதை எடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க? எனக்காக ஒரு தடவை ஜெயிக்கணும்னு தோணலை, இல்ல?"

அவர் தரையைப் பார்த்தார். "அதுல உனக்கு சீட் இல்லை."

"என்னது?"

"பக்கத்து சீட்டைக் கழட்டி வெச்சிருக்கான். நீ உட்காரணும்னுதான் இதை எடுத்தேன்."

மகள், "அய்யோ அப்பா!" என்று அவர் சட்டைப்பையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "பந்தயமாவது ஒண்ணாவது. கிளம்புங்க ரெண்டு பேரும்."

மனைவி செருப்பு மாட்டும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பை அவர் படிக்கட்டு நெடுகக் கூடவே எடுத்து வந்தார். நான் அவ்வளவு மோசமான புருஷன் இல்லை என்று, ரொம்ப நாளைக்குப் பிறகு தோன்றியது.

கீழே வந்து கார்க் கதவைத் திறந்தார்.

பக்கத்து சீட்டில் அவருடைய டூல்ஸ் பெட்டி உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு வருஷமாக அதன் இடம் அதுதான். அவசரத்துக்குக் கைக்கெட்ட வேண்டும். அதற்கு சீட் பெல்ட்டும் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து வண்டி கத்திக்கொண்டே வரும்.

பின்கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. மனைவி எப்போதும்போலப் பின்சீட்டில் ஏறி, அந்தச் சிரிப்பு மாறாமலே, முன்னால் குனிந்தாள்.

"ஏன் நிக்கிறீங்க? பெட்டிக்கு பெல்ட் எல்லாம் போட்டுட்டேன், கிளம்புங்க."