ரெண்டு மாசக் கணக்கு

பீளமேட்டு அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். ஒருவரின் புற்றுநோய்க்கு எந்த மருந்து கேட்கும் என்று கண்டுபிடிக்க சூப்பர் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்ட இரண்டு மாதத்தை, மதன்குமார் ஒரு மணி நேரமாகச் சுருக்கியிருந்தான்.

“கலக்கிப்போட்டீங்க மதன்!” என்றார் மேலாளர் வெங்கடபதி. “மொதல் நோயாளிக்கு என்னங்க ரிசல்ட்டு?”

“எந்த மருந்தும் கேக்காதுன்னு வந்துருச்சுங்க.”

“அடப் பாவமே, யாரு பெத்த புள்ளையோ! ஆனா அந்த ஸ்பீடு இருக்குதே... கேக் எடுங்க!”

எல்லோரும் கைதட்டினார்கள். கைபேசியில் மனைவி கீதா அழைத்தாள். மதன்குமார் வெளியே வந்து, கைதட்டல் கேட்காதபடி கதவைச் சாத்தினான்.

“ஏனுங்க, எனக்கு எந்த மருந்து கேக்கும்னு மெஷின் சொல்லிருச்சுங்களா?”

“அதுக்குள்ளயா? அது சரியான ஆமை, கண்ணு,” என்றான். “இன்னும் ரெண்டு மாசம் ஆகும்.”