ஊற்ற மறுத்தவள்

கல்லூரிப் பிரியாவிடை விருந்தில் மது ஊற்றிக் கொடுக்கும் பொறுப்பை ரெஜினாவிடம் விட்டிருந்தார்கள். வகுப்பில் குடிக்காதவள் அவள் ஒருத்திதான். புதுச்சேரிக் கடற்கரை விடுதியின் முற்றத்தில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் கத்தி ஆடிக்கொண்டிருக்க, செவ்வேள் மட்டும் அமைதியாக வந்தான். பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் காலிக் கோப்பையை வைப்பதற்குமுன், மேசை எங்கே முடிகிறதென்று இன்னொரு கையால் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"போதும்டா. வெறும் தண்ணி தர்றேன்."

"கடலூர் வரைக்கும் பைக்ல போகணும். என் அளவு எனக்குத் தெரியாதா? ஊத்து."

ரெஜினா ஊற்றவில்லை. அவன் மேசைமேல் வைத்திருந்த பைக் சாவியை எடுத்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"கடைசி நாளு, விடு ரெஜினா" என்றார்கள் நண்பர்கள்.

செவ்வேள் அவளுடைய விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். நகம் கீறி ரத்தம் வந்தது. பிறகு எல்லோர் முன்னாலும் அவளை ஒரு வார்த்தை சொன்னான். பாட்டு நின்றுபோனது. அவளுக்குக் கண் கலங்கியது, கை திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் போதை முற்றி அவன் சரிந்து விழுந்ததும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அதன்பின் அவன் அவளிடம் பேசவில்லை. தன் கல்யாணத்துக்கு வகுப்பையே அழைத்தவன் அவளை மட்டும் விட்டுவிட்டான். போன வாரம் ஒரு தோழி தொலைபேசியில் சொன்னாள்: "செவ்வேள் குழந்தைக்குப் பேர் வெச்சாங்கடி, போயிருந்தேன். உன் பேச்ச எடுத்தேன். இன்னும் கோபமாத்தான் இருக்கான்."

"இருக்கட்டும்" என்றாள் ரெஜினா.