ஈரத்தில் விரித்த தாள்கள்

கியூபெக் கனடாவிலிருந்து பிரியவில்லை என்ற செய்தியைக் குளியலறை வாசலில் விரித்துவிட்டு, செலஸ்ரீனா அடுத்த தாளை எடுத்தாள்.

அதன் நடுவில் ஒரு சதுர ஓட்டை.

இத்தாலியின் பலெர்மோ நகரில் வீடு துடைப்பவர்கள் செய்வதுதான். நிலத்தைத் துடைத்த கையோடு, ஈரம் காயும்வரை பழைய பத்திரிகைகளை விரித்துவிட வேண்டும். லிபெர்த்தா வீதியில் அவள் வேலை செய்யும் கிழவி, சிஞ்ஞோரா எமிலியானாவின் வீட்டு நடைகூடம் நீளமானது. ஒரு தடவை துடைத்தால் இரண்டு நாள் உலகம் தரைக்கு வந்துவிடும்.

வேலைக்கு வந்த முதல் நாள், நகரத்தின் காவல் புனிதையான சாந்த றோசலியாவின் படம் போட்ட தாளை விரிக்க அவள் மறுத்துவிட்டாள். செத்தவர்களின் முகம் உள்ள தாள்களையும் ஒதுக்கினாள். நம்முடையவர்கள் மேல் கால் படக் கூடாது என்று அரைகுறை இத்தாலியனில் சொன்னாள். சிஞ்ஞோரா சிரித்தாள்.

அரசியல்வாதிகளை மிதிப்பதில் மட்டும் இருவருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை.

காலையில் பத்திரிகை வாங்கி வருபவளும் செலஸ்ரீனாதான். படியேறும் நேரத்துக்குள் முதல் பக்கம் மட்டும் பார்க்கலாம். இஸ்ரேலில் பிரதமரைச் சுட்டார்கள். பொஸ்னியாவில் சமாதானம் வந்தது. பிரான்சில் ரயில்கள் நின்றன. எல்லாம் முதல் பக்கத்தில் வந்தது.

யாழ்ப்பாணம் வரவில்லை.

தொண்ணூற்றைந்து ஒக்ரோபர் முப்பதாம் திகதி இரவு, இராணுவம் நெருங்குகிறது என்று ஊரே எழும்பிப் போனது. குருநகரில் தனியாக இருந்த அம்மா என்ன ஆனாள் என்று தெரியாது. மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் கணவன் பெனடிக்ற், தெரிந்த இடமெல்லாம் ரெலிபோன் எடுத்துக் கேட்டான்.

"சனம் முழுக்கப் பாலத்தாலை போயிட்டுதாம். மாமியைக் கண்டனெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை," என்றான்.

உள்பக்கத்திலாவது ஏதும் இருக்கும் என்று அவள் காத்திருந்தாள். சிஞ்ஞோரா வாசித்து முடித்த பத்திரிகைகள் பல்கனியில் கட்டாகச் சேரும்; வேலைக்கு நடுவே புரட்ட நேரமில்லை, அடியிலிருந்துதான் ஒவ்வொன்றாக உருவுவாள். நிலத்தில் விரிவது எப்போதும் ஆறு வாரம் பழைய உலகம். டிசெம்பர் நடுவில், இன்றைக்குத்தான் நவம்பர் மாதம் கைக்கு வந்திருந்தது.

வந்ததும் ஓட்டையோடு வந்தது.

சிஞ்ஞோரா பத்திரிகை வெட்டுகிறவள்தான். தெரிந்தவர்களின் மரண அறிவித்தல்களை வெட்டித் தகரப் பெட்டியில் போடுவாள். ஆனால் இது வெளிநாட்டுச் செய்திப் பக்கம்.

செலஸ்ரீனா பல்கனிக்குப் போய் முழுக் கட்டையும் புரட்டினாள். ஒன்று, மூன்று, ஏழு ஓட்டைகள். ஓரிடத்தில் கத்தரிக்கோல் சற்று விலகியதில் இத்தாலிய எழுத்தில் ஒரு சொல் தப்பியிருந்தது. தமிழ்.

அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கிழவி மறைத்திருக்கிறாள். நத்தார்ப் பெருநாளுக்கு முன்னால் வேலைக்காரி அழுதுகொண்டு ஊருக்கு ஓடிவிடுவாள் என்ற பயம். நான்கு வருடம் இவளுக்குக் கால் நகம் வெட்டிவிட்டது இதற்குத்தானா? இனி ஒரு நாளும் இந்த வீட்டுப் படி ஏறுவதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

தாள்களோடு போய்ச் சிஞ்ஞோராவின் முன்னால் நின்றாள். ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டினாள்.

சிஞ்ஞோரா பதறவில்லை. எழுந்துபோய்த் தகரப் பெட்டியைத் திறந்தாள். தான் சேர்த்த மரண அறிவித்தல்களுக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். மேலே செலஸ்ரீனாவின் பெயர் இருந்தது.

"நம்முடையவர்கள் மேல் கால் படக் கூடாது என்று நீதானே சொன்னாய். நீயாகக் கேட்கும்போது தரலாம் என்று வைத்திருந்தேன்."

செலஸ்ரீனாவுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஈர நிலமென்றும் பாராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

உறைக்குள் முதலாவதாக ஒரு படம். மழை, பாலம், சனம். தலைகள் கடுகளவில் இருந்தன.

சிஞ்ஞோரா தான் மரண அறிவித்தல் வாசிக்கும் பூதக்கண்ணாடியை நீட்டினாள்.

மழை என்றால் அம்மா தலையில் துவாய்த் துண்டு போடுவாள்.

அந்தப் பாலத்தில் பாதிப்பேர் தலையில் துவாய் போட்டிருந்தார்கள்.

செலஸ்ரீனா முதலாவது துவாயிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.