எல்லா நோயாளிகளும்

திரையில் தன் முகத்தைப் பார்த்ததும் நஸீஹாவுக்கு ரத்தம் கொதித்தது.

மருந்து ஏற்றும் புது பேட்டரி பம்ப்பைக் கையில் பிடித்தபடி அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே கொட்டை எழுத்தில், 'எல்லா நோயாளிகளும் விரும்புவது இதைத்தான்.'

சூஸ் நகரக் கடற்கரை ஹோட்டலில் டாக்டர்கள் கூட்டம். நஸீஹா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பிறவியிலேயே உடம்பில் எதிர்ப்பு சக்தி இல்லை. வாரம் ஒருமுறை தானே தோலுக்கடியில் மருந்து ஏற்றிக்கொள்வாள். ஒரு நோயாளியாக வந்து நாலு வார்த்தை பேசும்படி அழைத்திருந்தார்கள்.

பம்ப் கம்பெனிக்காரன் காஸி போன மாதமே அவளிடம் கருத்துக் கேட்டான். ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். கை நடுங்குகிறவர்களுக்குப் பொத்தானைத் தட்டினால் ஓடும் புதுசு வரம்தான். தனக்கு சாவி கொடுத்து ஓடவிடும் பழைய ஸ்பிரிங் பம்ப்தான் தோது. அது கத்தாது, சார்ஜும் கேட்காது.

தலையாட்டிக் கேட்டுக்கொண்டவன், சும்மா ஒரு ஞாபகத்துக்கு என்று புதுசைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தான்.

இப்போது மேடையில் அவன் பழைய பம்ப் மாட்டுகிறவர்களுக்காக உருகிக்கொண்டிருந்தான். அதை மாட்டினால் ஒரு மணி நேரம் படுக்கையே கதி, பாவம் அவர்கள் என்றான்.

முன்வரிசையில் டாக்டர் பெர்ஜானியும் ஆமோதித்தார். நஸீஹாவுக்கு வருஷக்கணக்காக வைத்தியம் பார்க்கிறவர். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மைக்கைக் கொடுக்கும்போது காஸி காதோடு சொன்னான்.

"ரெண்டே வார்த்தை அக்கா. புதுசு நல்லா இருக்குன்னு சொல்லிட்டு இறங்கிடுங்க."

அவள் மைக்கில் சொன்னாள்.

"நான் சொன்னது இது இல்ல. என் மூஞ்சியப் போட்டு உன் பேச்சை எழுதி வச்சிருக்க."



ஊசி குத்துவது எங்கள் வயிற்றில், விருப்பம் மட்டும் உங்களுடையதா என்று கேட்டாள். 'எல்லா' என்று எழுதினவன் யாரைக் கேட்டான் என்றாள். காஸி மைக்குக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. பெர்ஜானி குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்வரிசையிலிருந்து ஒரு இளம் டாக்டர் எழுந்தார். பழைய பம்ப் ஓடும்போது எழுந்து நிற்கவாவது முடியுமா என்று மரியாதையாகவே கேட்டார்.



நஸீஹா கோட்டின் கீழ்ப் பொத்தானைக் கழற்றிக் கையை உள்ளே விட்டாள். வயிற்றில் குத்தியிருந்த ஊசியை மெல்லிய குழாயோடு உருவினாள். அந்த இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு, இடுப்புப் பையிலிருந்த பழைய பம்ப்பை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

ஹோட்டல் வாசலில் காரை நிறுத்தியபோது அதை மாட்டிச் சாவி கொடுத்திருந்தாள்.

மருந்து இப்போதுதான் தீர்ந்திருந்தது.