அருகருகே ஒரு சுற்று

எங்கள் தந்தை விட்டுச்சென்ற தேக்குக் காடு, அவர் பொருத்திய உணரிகளையும் இயந்திரங்களையும் கொண்டு தன்னைத் தானே காத்துக்கொள்ளும். கேட்டால் விடையும் சொல்லும். ஆயினும் அவர் அதற்குக் கற்பித்திருந்த ஒரு விதி எனக்குச் சினமூட்டியது. ஒரேயொரு மரத்தை வெட்டுவதாயினும், நானும் என் தங்கை கோமதியும் அருகருகே நடந்து காட்டைச் சுற்றிவந்த பின்னரே அது இசையும். அவர் இறந்த நாள்முதல், ஒன்பது ஆண்டுகளாக, நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

தண்டுதுளைப்பான் புழு நான்கு மரங்களைத் தாக்கியது. அவற்றை அன்றே வெட்டி எரிக்காவிடில் மற்ற மரங்களும் அழியும் என்று காடு எங்கள் இருவருக்கும் செய்தி அனுப்பியது. கோமதி தென்காசியிலிருந்து வந்தாள்.

நான் விரைந்து முன்னே நடந்தேன்.

“இடைவெளி ஆறடி. இந்தச் சுற்று செல்லாது,” என்றது காடு.

முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர்களை வரிசையில் நடத்திய எனக்கு, நடக்கக் கற்பிக்க ஒரு காடா?

“வாத்தியாருக்கே முட்டை மார்க்கு,” என்றாள் கோமதி, மரங்களைப் பார்த்து.

மீண்டும் தொடங்கினோம். ஓடையருகே பாறை வழுக்கியபோது அவள் என் முழங்கையைப் பற்றினாள், பிறகு விடவில்லை. காடு இசைந்தது. இயந்திரங்கள் நான்கு மரங்களையும் வெட்டி அடுக்கின.

தீ மூட்டுவது உரிமையாளரின் பணி. நான் தீப்பெட்டியை அவளிடம் நீட்டினேன்.

“அப்பாவுக்கு நான் கொள்ளி வைக்கிறேன்னு அன்னைக்கு எவ்வளவு கெஞ்சினேன். பொம்பள வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே, அண்ணே.”

“சொன்னேன். தப்பு, கோமதி.”

அவள் குச்சியை உரசினாள், காற்றில் அணைந்தது. அடுத்த குச்சிக்கு நான் இரு கைகளையும் குவித்து மறைப்புக் கொடுத்தேன்.